தாத்தா கட்டிய வீட்டுக்கு என்ன வண்ணம் அடிப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கும்பகோணத்தில் 1936இல் உங்கள் தாத்தா கட்டிய வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்னால் இரண்டாம் கட்டு. பல வருஷம் பூட்டிக் கிடந்ததை இப்போது புதுப்பிக்கிறீர்கள். அக்கா வெளிர் சாம்பல் நிறம் வேண்டும் என்கிறார். மாமா புதுச்சேரி மஞ்சள் என்கிறார். மேஸ்திரியோ, பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, சிமென்ட் பூசி, பட்டி பார்த்துவிட்டால் எந்த நிறம் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்கிறார். திங்கட்கிழமை ஆள் வருகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

முதலில் மேஸ்திரியிடம் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் மேல் கோபமில்லை. அவருக்குத் தெரிந்த வேலையைச் சொல்கிறார். ஆனால் உங்கள் சுவர் அவருக்குப் பழக்கமான சுவர் இல்லை.

1936இல் அந்தத் தெருவில் கட்டிய வீடு என்றால் பெரும்பாலும் நாட்டுச் செங்கல், சுண்ணாம்புக் காரை. ஓர் ஆணியால் சுவரில் மறைவான இடத்தில் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு என்றால் வெளுப்பாக, மாவாக உதிரும்; நடுநடுவே கடுகளவு வெள்ளைக் கட்டிகள் தெரியும். சிமென்ட் என்றால் ஆணி வழுக்கும், கீறல் சாம்பலாக இருக்கும். கொல்லைப்புறச் சுவரில் பிற்காலத்தில் யாராவது சிமென்ட் ஒட்டுப் போட்டிருக்கலாம். அதனால் நாலைந்து இடத்தில் பாருங்கள்.

இதை ஏன் வண்ணத்துக்கு முன்னால் பேசுகிறேன் என்றால், இந்தக் கால வீட்டில் சுவருக்கு அடியில் ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு படுகை போடுகிறார்கள். உங்கள் வீட்டில் அது இருக்காது. காவிரிக் கரை மண்ணில் ஈரம் எப்போதும் உண்டு. அது அஸ்திவாரம் வழியாகச் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். இத்தனை வருஷமாக அப்படித்தான் அந்தச் சுவர் பிழைத்திருக்கிறது. அதன்மேல் சிமென்டும் பட்டியும் எமல்ஷனும் ஏற்றினால் ஈரம் வெளியேற வழி இருக்காது. இடுப்பளவில் நின்ற ஓதம் தோளளவுக்கு ஏறும். ஈரத்தோடு வரும் உப்பு வண்ணத்துக்குப் பின்னால் சேர்ந்து பூக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் அப்பளம் மாதிரிப் பொரிந்து நிற்கும். அப்போது அது சாம்பலா மஞ்சளா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு சின்னச் சோதனை செய்யலாம். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை ஓதம் இருக்குமோ என்று சந்தேகப்படும் இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் உள்ளிருந்து ஈரம் வருகிறது. அப்படியானால் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு தவிர வேறு பேச்சே இல்லை. கூரை ஒழுகல், முற்றத்துச் சாக்கடை அடைப்பு, சுவரோரம் மண் மேடேறிக் கிடப்பது, இதையெல்லாம் முதலில் சரிசெய்துவிட்டு ஒரு கோடையாவது சுவரைக் காய விடுங்கள்.

இனி வண்ணம். வண்ண அட்டையை விரிப்பதற்கு முன்னால் வீட்டையே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்த வீட்டுச் சுவரில் அடுக்கடுக்காகப் பழைய பூச்சுகள் இருக்கும், மரத்தின் வளையம் மாதிரி. பழைய மின்கம்பி ஓடும் மரச்சட்டத்துக்குப் பின்னால், பரணுக்கு உள்ளே, சாமி படம் மாட்டியிருந்த இடத்தில், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில், இப்படிக் கைபடாத இடங்களாகத் தேர்ந்தெடுங்கள். சவரப் பிளேடால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெல்லச் சுரண்டி, பிறகு நனைத்த உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தால் ஒவ்வோர் அடுக்கும் ஒரு வளையமாக வெளியே வரும். வெள்ளை, வெள்ளை, இளநீலம், வெள்ளை, மஞ்சள் என்று தெரியும். கண்ணில் படும் நிறத்தை அப்படியே நம்பாதீர்கள். தூசும் புகையும் ஏறி மங்கியிருக்கும். பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்துப் பாருங்கள். நனைந்த கணத்தில் வண்ணம் உயிர்பெறும். காய்ந்தபின் இருக்கும் நிறம் அதைவிட வெளிறியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கைபேசியில் படமெடுத்து, எந்த அறை, எந்தச் சுவர் என்று எழுதி வையுங்கள். மேஸ்திரி கொத்தி எடுத்துவிட்டால் இந்தக் கணக்கு போயே போச்சு. அவரை நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிடைத்த நிறத்தைத்தான் திரும்ப அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்கள் வீடு அருங்காட்சியகம் இல்லை. ஆனால் அந்த அடுக்குகளில் ஒரு விஷயம் தெரியும்: அழுத்தமான நிறம் எதுவும் அநேகமாக இருக்காது. காரணம் ரசனை மட்டும் இல்லை, சுண்ணாம்பு அவ்வளவுதான் தாங்கும். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வண்ணப்பொடி கலந்தால், பிடிப்பு விட்டு, சாய்ந்தவர் சட்டையில் ஒட்டும். பாதிப் பேர் வீட்டில் சுவர் கையில் ஒட்டுவதற்கு அதுதான் காரணம். மீதிப் பேர் வீட்டில் காற்றுப்பட்டு வீரியம் போன பழைய சரக்குச் சுண்ணாம்பு.

எல்லா வண்ணமும் சுண்ணாம்பில் நிற்காது. நீர்த்த சுண்ணாம்பு கடுமையான காரம். அதில் தாக்குப்பிடிப்பவை பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்தவை: செங்காவி, மஞ்சள் காவி, கருப்பு. இன்று கடையில் 'ஆக்சைடு பொடி' என்று தரைக்கு விற்கிறார்களே, அவையும் இரும்பின் துருதான். ஏற்கெனவே துருப்பிடித்ததை வெயிலோ மழையோ மேற்கொண்டு என்ன செய்ய முடியும்? அதனால் வெளுக்காது. குரோமியம் ஆக்சைடு பச்சை நிற்கும். துணிக்குப் போடும் நீலம் இருக்கிறதே, அல்ட்ராமரைன், அதுவும் சுண்ணாம்பில் நிற்கும். வெள்ளையடிக்கும்போது கிலோ சுண்ணாம்புக்கு மூன்று கிராம் வரை கடைசிப் பூச்சில் கலப்பார்கள். சுண்ணாம்பின் பழுப்பு மறைந்து வெள்ளை பளிச்சிடும். கொஞ்சம் கூடக் கலந்ததால் இளநீலமாகிப்போன கூடங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனையோ. பிரஷ்யன் நீலம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கலந்தால் காரத்தில் பட்டு நிறம் கெட்டுப் பழுப்படிக்கும். ரோஜா, ஊதா, கிளிப்பச்சை என்று வரும் மலிவுப் பொடிகள் ஒரு கோடைக்குக் காணாது.

ஆக, உங்கள் கையில் இருப்பவை வெள்ளை, சந்தனம், மஞ்சள், செங்கல் சாயல், பாசிப்பச்சை, இளநீலம், சாம்பல். இதற்குள் ஒன்றோடொன்று சண்டை போடும் ஜோடியைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

அக்காவின் சாம்பலுக்கு வருகிறேன். உங்கள் கூடத்தில் சிவப்புக் காவித் தரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முற்றத்து வெளிச்சம் அந்தத் தரையில் பட்டுத்தான் சுவருக்கு வரும். வரும்போது சிவப்பையும் கொண்டுவரும். வெள்ளைச் சுவர் கீழ்ப்பாதியில் லேசாக ரோஜா அடிக்கும், அழகாகவே இருக்கும். சாம்பல் சுவரோ அந்தச் சிவப்பை வாங்கிக்கொண்டு, அட்டையில் இல்லாத ஓர் அழுக்கு ஊதாவாகத் தெரியும். நான் ஒரு வீட்டில் இதை அடித்து முடித்த பிறகுதான் உணர்ந்தேன். வீட்டுக்காரம்மா வந்து பார்த்து, "ஏன் சுவரெல்லாம் கன்னிப்போன மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. மாடியில் சிவப்புத் தரை இல்லாத அறை இருந்தால் அக்காவுக்கு அங்கே சாம்பல் கொடுங்கள். நன்றாக வரும்.

பொதுவாகவே, மாற்ற முடியாததிலிருந்து தொடங்குவது நல்லது. தரை மாறாது, தூண் மாறாது, தேக்கு உத்தரமும் கதவும் மாறாது. உங்கள் வீட்டில் மரத்தின் கரும்பழுப்பும் தரையின் சிவப்பும் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட இரண்டு கனமான நிறங்கள். சுவர் அவற்றுக்கு இடம் விட்டு நிற்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த செட்டிநாட்டு வீடு என்றால் இது இன்னும் கறாராகப் பொருந்தும். அந்தத் தரையில் ஏற்கெனவே நாலைந்து நிறம் இருக்கும்போது சுவரிலும் நிறத்தை ஏற்றினால் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடும்.

செட்டிநாடு என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், உங்கள் வீட்டுக்கும் இது பொருந்தக்கூடும். அந்த வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு உண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்பில் செய்த இதேபோன்ற மெருகு பழைய சென்னையிலும் பேர்போனது. கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் அதைப் பளிங்கு என்றே நினைத்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் கூடத்துத் தூணையோ நடைச் சுவரையோ தொடும்போது கை சில்லென்று வழுக்கினால், அங்கே எதையும் அடிக்காதீர்கள். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடையுங்கள், போதும். என் ஆரம்ப காலத்தில் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில், மேலே படிந்திருந்த புகையை அழுக்கு என்று நினைத்து, அப்படிப்பட்ட ஒரு சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எமல்ஷன் அடிக்கவிட்டேன். வேலை நடந்தபோது நான் தளத்தில்தான் இருந்தேன். அந்தச் சுவர் இனித் திரும்பாது.

வெளிச்சத்தைப் பற்றி. வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து, வடக்குப் பார்த்த அறைக்கு வெதுவெதுப்பான நிறம், தெற்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த நிறம் என்று இங்கேயும் சிலர் எழுதுகிறார்கள். அது சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும் ஊர்களுக்கான கணக்கு. கும்பகோணம் நிலநடுக்கோட்டுக்கு 11 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. அதுவுமில்லாமல், பழைய வீட்டில் சன்னல் வழியாக வரும் வெளிச்சம் கொஞ்சம்தான். முற்றம்தான் விளக்கு. எனவே முற்றத்தைச் சுற்றியுள்ள சுவர்கள் வீட்டிலேயே வெளுத்தவையாக இருக்கட்டும். அவை வாங்கித் தருகிற வெளிச்சத்தில்தான் கூடமும் தாழ்வாரமும் வாழ்கின்றன. ரேழிக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். இருட்டு நடைக்கு வெள்ளையடித்தால் வெளிச்சமாகிவிடும் என்று நினைப்போம். திருப்பித் தர வெளிச்சமே இல்லாத இடத்தில் வெள்ளை வெறும் சாம்பலாகத் தெரியும். அங்கே மஞ்சள் காவியைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்து அடித்தால், தெருவிலிருந்து உள்ளே வருபவருக்கு அந்த மஞ்சள் இருட்டைத் தாண்டி வெள்ளைக் கூடம் திறப்பது ஒரு நல்ல காட்சி.

கூடத்துக்கு நான் வைப்பது வெள்ளையில் ஒரு சிட்டிகை மஞ்சள் காவி. கடையில் கிடைக்கும் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வேண்டாம். அந்த வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடால் வருவது. அதுவே முதல் உலகப் போர்க் காலத்தில்தான் ஆலைகளில் பெருமளவு தயாராகத் தொடங்கியது. உங்கள் தாத்தா பார்த்த வெள்ளை சுண்ணாம்பு வெள்ளை. புதிய வெள்ளைக்குப் பக்கத்தில் பழைய மரமும் தரையும் அழுக்காகத் தெரியும். சுண்ணாம்பு வெள்ளைக்குப் பக்கத்தில் வயதானவையாகத் தெரியும்.

இரவில் என்ன விளக்கு எரியப்போகிறது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 6500 கெல்வின் என்று அச்சிட்ட நீலவெள்ளை எல்.இ.டி. விளக்கில் மஞ்சள் காவி பச்சை பாய்ந்து, ஆஸ்பத்திரிச் சுவர் போலாகும். 2700 அல்லது 3000 கெல்வின் விளக்கில் அதே சுவர் அகல் வைத்தாற்போல் இருக்கும். விளக்கு மாற்ற நூறு ரூபாய், சுவர் மாற்ற எத்தனை ஆயிரமோ!

மாமாவின் புதுச்சேரி மஞ்சள். வாசல்புறத்துக்கு அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போய் நின்று பாருங்கள்: மஞ்சள் தட்டையான சுவருக்கு மட்டும்தான். ஒட்டுத்தூண், சன்னலைச் சுற்றிய பட்டை, மேல்விளிம்பு எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையில் விழும் நிழல்தான் கட்டடத்தின் வடிவத்தைக் காட்டுகிறது. முழுச் சுவருக்கும் மஞ்சளை அப்பினால் அது வேறு ஏதோ ஆகிவிடும். உங்கள் வீட்டு முகப்பில் அந்த மாதிரி வேலைப்பாடு இருக்காது. திண்ணையும் மரத்தூண்களும் சாய்ந்த ஓட்டுக்கூரையும்தான். தூணுக்குப் பின்னால் நிழலில் இருக்கும் சுவருக்கு வெளிர் மஞ்சளோ வெள்ளையோ அடித்துவிட்டு, திண்ணை முகத்துக்கும் அடிச்சுவரில் இரண்டடி உயரத்துக்கும் செங்காவிப் பட்டை கொடுங்கள். ஓட்டிலிருந்து விழும் மழைத்தண்ணீர் மண்ணை வாரி அடிப்பது அந்த உயரத்துக்குத்தான். சில தெருக்களில் அதே இடத்தில் தார் பூசிவிடுகிறார்கள். கறை தெரியாதுதான், ஆனால் ஓதம் அடைபட்டு மேலே ஏறிவிடும். காவியையும் வெள்ளையையும் மாறி மாறி நெடுங்கோடாக மட்டும் அடிக்க வேண்டாம். கோயில் மதில் என்று நினைத்து யாராவது செருப்பைக் கழற்றிவிடுவார்கள்.

மேற்குச் சுவருக்கு அடர்நிறம் கூடாது. சாயங்கால வெயிலைக் குடித்துவிட்டு இரவு முழுக்க உள்ளே விடும்.

மாதிரி பார்க்கும் விதம் முக்கியம். விரல் அகல வண்ண அட்டையில் நிறம் எப்போதும் கொஞ்சம் அடங்கித்தான் தோன்றும், பெரிய சுவரில் பளீரென்று அடிக்கும் என்று அனுபவசாலிகள் ஒரு படி மங்கலாகவே எடுப்பார்கள். மூன்றடிக்கு மூன்றடி, இரண்டு சுவர் சேரும் மூலையில், கதவு நிலையைத் தொட்டபடி அடித்துப் பாருங்கள். மூலையில் இரண்டு சுவரும் ஒன்றையொன்று பிரதிபலிப்பதால் நிறம் கூடும். அதுதான் அறையின் உண்மையான நிறம். சுண்ணாம்பு ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் வேறு நிறம். அடித்த அன்று பார்த்துப் பயந்து கூடுதலாகச் சுண்ணாம்பு ஊற்றிவிடாதீர்கள். மூன்று நாள் பொறுத்து, காலை ஏழு மணிக்கும் உச்சிவேளையிலும் விளக்கு வைத்த பிறகும் பாருங்கள்.

அடிக்கும் முறையை ஆட்களிடம் இப்படிச் சொல்லுங்கள். சுண்ணாம்பை நீற்றி, தண்ணீரில் மூழ்கியபடி எத்தனை நாள் வைக்க முடியுமோ அத்தனை நாள் வைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். ஒரு சுவருக்கு வேண்டியதை ஒரே தடவையில் கலக்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வரவே வராது. சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக நாலு பூச்சு. கெட்டியாக இரண்டு பூச்சு அடித்து முடித்துவிடலாம் என்பார்கள், விடாதீர்கள். ஏற்கெனவே டிஸ்டம்பரோ எமல்ஷனோ இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது. அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கண்ணாடி போடாமல் யாரும் வெள்ளையடிக்கும் மட்டையைத் தொடக்கூடாது.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசியில் மழை, சித்திரையில் அடித்த கையோடு காய்ந்து பொருக்காகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மறுபடி கல்லாக இறுகுகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரமும் நிதானமும் வேண்டும். மழை ஓய்ந்த மார்கழிப் பனியில், போகிக்கு முன்னால் வெள்ளையடித்தார்களே, அது பண்டிகைக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுண்ணாம்புக்கு ஆளே கிடைக்கவில்லை என்றால் பொட்டாசியம் சிலிகேட் வண்ணங்கள் இருக்கின்றன. 1878இல் ஜெர்மனியில் கைம் என்பவர் காப்புரிமை பெற்ற முறை. ஈரத்தை வெளியே விடும், சுவரோடு கல்லாகப் பிணையும், வெயிலில் வெளுக்காது. விலைதான் கூடுதல். தெருப்பக்கச் சுவருக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு உள்ளே சுண்ணாம்பு அடிப்பவர்கள் உண்டு, அது நியாயமான சமரசம். இரண்டாம் கட்டில் யாரோ போட்ட சிமென்ட் பூச்சு உறுதியாக இருந்தால் அதை உடைக்கப் போக வேண்டாம். அங்கே சாதாரண எமல்ஷனே அடிக்கலாம். அடுப்பங்கரைப் புகைச் சுவரைத் தேய்த்துக் கழுவாமல் எதை அடித்தாலும் பழுப்பு கசிந்து வரும்.

கதவு, சன்னலில் பச்சை எனாமல் உரிந்து கிடக்கிறது என்றீர்களே, அங்கே கவனம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் வைத்து உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள், தூள் குழந்தைகளின் உடம்புக்குள் போகும். தண்ணீர் தெளித்துச் சுரண்டி, செதிலைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உள்ளே நல்ல தேக்கு இருந்தால் எண்ணெய் மட்டும் போடுங்கள். பச்சையே வேண்டும் என்றாலும் தப்பில்லை, மஞ்சள் சுவருக்கும் சிவப்புத் தரைக்கும் நடுவே அது நன்றாகவே நிற்கும்.

கடைசியாக ஒரு வேலை. எந்தச் சுவருக்கு எத்தனை கிலோ சுண்ணாம்பு, எத்தனை கிராம் பொடி, எந்தக் கடைச் சரக்கு என்று பென்சிலால் பரண் கதவின் உள்பக்கம் எழுதி, தேதி போட்டு வையுங்கள். மூன்று, நாலு வருஷத்தில் திண்ணைச் சுவருக்கு மறுபடி ஒரு பூச்சு தேவைப்படும். அன்றைக்கு நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அடிப்பவருக்குக் கணக்கு கிடைக்கும்.